வயிற்றுக்கும் கால் ஏக்கர் ஒதுக்குங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் வயல்வெளிக்குப் போனால் என்னிடம் இரண்டு வகைக் கேள்விகள் வரும். திராட்சைப் பந்தலுக்குக் கீழே நிற்கும்போது அடிச்சாம்பல் நோய்க்கு என்ன அடிப்பது என்பார்கள். வாழைத் தோட்டத்தில் இலைப்புள்ளி, நெல் வயலில் குலைநோய். இவை முதல் வகை. பேசி முடித்து வண்டியை எடுக்கும்போது வீட்டு வாசலில் நிற்கும் அக்காமார் மெதுவாக இரண்டாவது வகைக் கேள்வியைக் கேட்பார்கள். "மேடம், காலையிலே எந்திரிச்சா நெஞ்சு எரியுது. ராத்திரி சாப்பிட்டது அப்படியே நிக்குது. என்ன சாப்பிட்டா சரியாகும்?"

நான் டாக்டர் இல்லை. பயிருக்குப் படித்தவள். அதனால் முதலில் "ஆஸ்பத்திரியில காட்டுனீங்களா?" என்றுதான் கேட்பேன். அதற்கு வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிறேன் மேடம்." எத்தனை நாளாக என்று கேட்டால், "அது ஆச்சு, ரெண்டு மூணு வருசம்" என்பார்கள். ஒரு செடி மூன்று வருடம் வாடிக்கொண்டே இருந்தால் நாம் சும்மா இருப்போமா? மண்ணைத் தோண்டி வேரைப் பார்த்துவிட மாட்டோமா? வயிற்றை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது என் சித்தியால்தான்.

சித்தி இருப்பது கூடலூரில். ஊரில் நெல் வேலை ஓய்ந்த நாட்களில் குமுளிக்கு அப்பால் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போவார். இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியும். விடியும் முன் எழுந்து வீட்டுக்கும் தனக்கும் சமைக்க வேண்டும். ஆறு மணிக்கெல்லாம் ஜீப் வந்துவிடும். நின்று சாப்பிட நேரம் இருக்காது. ஒரு டம்ளர் வரக்காப்பியோடு மலைப்பாதை ஏறினால், தூக்குவாளியைத் திறக்கப் பதினொரு மணி ஆகிவிடும். சாயங்காலம் இறங்கி வந்து, மறுபடி அடுப்பு மூட்டி, எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சாப்பிட உட்காரும்போது ஒன்பதரை. அப்படியே படுக்கை. குனிந்து குனிந்து காய் பறித்த இடுப்புக்கு வலி மாத்திரை ஒன்று. அதுவும் பல நாள் வெறும் வயிற்றில்.

ஒரு விசேஷத்துக்காக ஊருக்குப் போயிருந்தபோது சித்தியைப் பார்த்துத் திடுக்கிட்டேன். முகம் வெளுத்து, இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். "வெளிக்குப் போறது தார் மாதிரி கறுப்பாப் போகுது தாயி. சூடுன்னு நெனைச்சு வெந்தயத்தை ஊறவச்சு முழுங்கிட்டு இருக்கேன்."

அது சூடு இல்லை. இரைப்பையிலோ அதை ஒட்டிய குடலிலோ ரத்தம் கசிந்தால்தான் மலம் அப்படிக் கறுக்கும். மறுநாளே க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுகுடலின் தொடக்கத்தில் புண். அதோடு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இருந்தது. பதினான்கு நாள் மாத்திரை கொடுத்தார்கள். வலி மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார்கள். ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள்.

அந்தக் கிருமியைப் பற்றி ஒரு செய்தி. காரமும் கவலையும்தான் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று உலகம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தக் கிருமிதான் முக்கியக் காரணம் என்றார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமிக்கு அடுத்த பெரிய காரணம், நாம் சாதாரணமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்தியின் புண்ணை ஆற்றியது கஞ்சியோ கீரையோ இல்லை, மருந்துதான். ஆறிய வயிறு மறுபடி கெடாமல் பார்த்துக்கொள்வதில்தான் சமையலுக்கு வேலை இருக்கிறது.

மருந்து முடிந்த அன்று சித்தி கேட்டார். "நேரத்துக்குச் சாப்பிடுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. என்னத்தச் சாப்பிட? ஜீப்பு எனக்காக நிக்குமா?" நியாயமான கேள்வி. ஜீப் நேரத்தை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் உணவைத்தான் நேரத்துக்குத் தக்கபடி மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தபோது, புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. என் பாட்டி அடுப்பில் வைத்திருந்த பண்டங்களைத்தான் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தோம்.

முதலில் நீராகாரம். அடுப்பு மூட்டாமல் காலையில் கிடைக்கும் ஒரே சூடு இல்லாத உணவு அது. ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டு ஜீப் ஏறலாம். இதன் அருமை இப்போது ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எந்த அளவுக்குப் பயன்படும் என்று தமிழக அரசின் நிதியுதவியோடு ஆய்வு செய்ய முன்வந்தார்கள்.

இதில் என்ன நடக்கிறது என்பதை மண்ணை வைத்துச் சொன்னால் நமக்கு எளிதாகப் புரியும். மண்ணில் நுண்ணுயிர் பெருக வேண்டுமானால் தொழு உரம் போடுகிறோம். பெருங்குடலும் அப்படி ஒரு நிலம்தான். வெந்த சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறுகிறது. அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை அதைத் தின்று வெளிவிடும் அமிலங்கள் குடல் சுவருக்குச் சத்தாகின்றன. இரவெல்லாம் தண்ணீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் பெருகுகின்றன. தொழு உரமும் உயிர் உரமும் சேர்த்து இட்ட மாதிரி.

பழைய சோற்றைப் பற்றி செல்போனில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஊறவைத்தால் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடுமாம். வேதியியல் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஊறுவதால் இரும்பு புதிதாக உண்டாகாது. அரிசியில் இரும்பைக் கட்டிப் பிடித்திருக்கும் பைட்டேட் என்ற பொருள் புளிப்பில் ஓரளவு உடைகிறது. அதனால் இருக்கும் இரும்பு உடம்பில் சற்று நன்றாகச் சேரும். அவ்வளவுதான். ரத்தசோகை உள்ளவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

செய்முறையில் கவனம் வேண்டும். தேனி வெயிலில் சோறு சீக்கிரம் கெடும். சோற்றில் சில கிருமிகளின் வித்துகள் வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். எனவே வடித்த சோற்றை மதியத்திலிருந்து வெளியே கிடக்கவிட்டு, மிஞ்சியதை இரவில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் வேண்டாம். இரவு வடித்த சோறு ஆறியதும் மண்பானையில் போட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மூன்று விரற்கடை மேலே நிற்கும்படி ஊற்றுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். காலையில் இதமான புளிப்பு மணம் வர வேண்டும். நூல் விட்டாலோ, கெட்ட வாடை அடித்தாலோ மாட்டுக்கும் வைக்காமல் கொட்டிவிடுங்கள். பானையைத் தினமும் கழுவி வெயிலில் காயவையுங்கள். பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி நல்லது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்கள் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் அதில் சத்து மிஞ்சும். புளிப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் நீரை இறுத்துவிட்டு, மோர் கலந்து, இரண்டு சின்ன வெங்காயத்தோடு சாப்பிடலாம். பச்சை மிளகாயைக் கடிக்காதீர்கள்.

இரண்டாவது, குதிரைவாலிக் கஞ்சி. குதிரைவாலி அரிசி ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர். இரண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை முந்தின இரவே ஊறப்போட்டுவிடுங்கள். பத்துப் பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி சீரகம் சேர்த்து, எட்டு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு உப்பும் ஒரு டம்ளர் மோரும் விட்டுக் கலக்கினால் நான்கு பேருக்குக் காணும். சித்தி வீட்டில் இப்போது வாரம் நான்கு நாள் இரவுச் சாப்பாடு இதுதான். ஏழரைக்குள் முடித்துவிடுகிறார்கள். நார்ச்சத்துக்குப் பழகாதவர்கள் முதல் வாரத்திலேயே தினமும் குடித்தால் வயிறு உப்பும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுதானியமே ஆனாலும் குழைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். அவர்கள் சோறாக வடித்து, கீரை, பருப்போடு அளவாகச் சாப்பிடுவது நல்லது.

மூன்றாவது, மணத்தக்காளி. வாய்ப்புண், வயிற்றுப்புண் என்றாலே நம் வீடுகளில் தேடுவது இந்தக் கீரையைத்தான். இரண்டு கைப்பிடி கீரையை நறுக்கி, வெந்த பாசிப்பருப்போடு சேர்த்து வேகவைத்து, இறக்கும்போது கெட்டித் தேங்காய்ப்பால் விட்டால் போதும். காரம் வேண்டாம், சீரகம் போதும். காயை மோரில் ஊறவைத்துக் காயப்போட்டால் ஆண்டு முழுக்க வத்தல் இருக்கும். அதனோடு பிரண்டைத் துவையல். பிரண்டையில் இளங்கணுவை மட்டும் பறிக்க வேண்டும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் கையையும் நாக்கையும் அரிக்கச் செய்கின்றன. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, நிறம் மாறும்வரை நல்லெண்ணெயில் வதக்கி, உளுந்து, புளி, உப்போடு அரைத்தால் அரிப்பு இருக்காது.

இங்கேதான் வேளாண் அலுவலராக நான் குறுக்கே வர வேண்டியிருக்கிறது. சித்தியிடம் கீரை எங்கே பறித்தீர்கள் என்று கேட்டேன். "பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துல தாயி, பந்தலுக்குக் கீழே தளதளன்னு கெடக்கு" என்றார். பந்தலில் பூஞ்சண மருந்து அடிக்கும்போது அது சொட்டுவது கீழே இருக்கும் கீரையின் மேல்தான். வாழைத் தோட்டத்து மணத்தக்காளிக்கு வேறு ஆபத்து. அங்கே அது களை, அதற்குக் களைக்கொல்லி அடிப்பார்கள். கிளைபோசேட் போன்ற மருந்து செடிக்குள்ளேயே ஊடுருவிப் போவது. வெளியே எத்தனை முறை கழுவினாலும் உள்ளே போனது வராது. அடித்து இரண்டு மூன்று நாள் வரை செடி வாடாமல் பச்சையாகத்தான் நிற்கும். பார்த்தால் தெரியாது. வயிற்றுப் புண்ணுக்கு என்று பறித்த கீரை விஷமாகிவிடும். எனவே மருந்து அடிக்கும் தோட்டத்திலும் அதன் வரப்பிலும் கீரை பறிக்காதீர்கள். மருந்து அடிப்பவர்களும் கீரை பறிக்க வரும் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடத்தில் ஐந்தாறு மணத்தக்காளிச் செடி, வேலியில் ஒரு பிரண்டைக் கொடி இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

இப்போது சித்தியின் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். எழுந்ததும் வெந்நீர். ஜீப்புக்கு முன் ஒரு பெரிய டம்ளர் நீராகாரம். தோட்டத்தில் ஒன்பது மணி தேநீர் இடைவேளையில் வெறும் டீக்குப் பதில், கொண்டுபோன ஒரு வாழைப்பழம், பிறகு டீ. பதினொரு மணிக்குச் சோறு. கீழே இறங்கும் முன் மோர். இரவு ஏழரைக்குள் கஞ்சி. படுக்கப் போக ஒன்பதரை. வலி மாத்திரை கிடையாது. இடுப்புக்கு நல்லெண்ணெயும் வெந்நீரும்தான். தாங்க முடியாத வலி என்றால் டாக்டரிடம் கேட்டுத்தான் மாத்திரை. ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபரிசோதனையில் ரத்தம் கூடியிருந்தது. நெஞ்செரிச்சல் மாத்திரையும் இப்போது இல்லை. அந்த மாத்திரையை டாக்டர் சொல்லாமல் வருடக்கணக்கில் விழுங்கினால் பி12 வைட்டமின் உடம்பில் சேர்வது குறையும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் ஒரு பிரச்சினை பாக்கி இருந்தது. "குதிரைவாலி கிலோ விக்கிற விலைக்கு வாரம் நாலு நாள் எப்பிடித் தாயி?" என்றார் சித்தி. அவர் கணவருக்குக் கூடலூர் மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர் மானாவாரி நிலம் தரிசாகக் கிடந்தது. என் பாட்டி காலத்தில் அதில் சோளமும் குதிரைவாலியும் விளைந்தன. உரலில் இடித்துத் தோல் நீக்கப் பெண்களால் முடியாமல் போனதும், ரேஷன் அரிசி வந்ததும் சேர்ந்து அதை நிறுத்திவிட்டன. அதைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டியின் உள்ளங்கைக் காய்ப்பை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு உரலுக்குப் பதில் தோல் நீக்கும் இயந்திரம் இருக்கிறது. அரைத்துக் கொடுப்பவரிடம், வெள்ளையாகத் தீட்ட வேண்டாம், உமி போனால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு டம்ளர் 180 கிராம் என்றால், வாரம் நான்கு நாளுக்கு முக்கால் கிலோ. ஆண்டுக்கு 40 கிலோ அரிசி. கால் ஏக்கர் குதிரைவாலிக்கு ஒரு கிலோ விதை போதும். ஒரு டிராக்டர் தொழு உரம் போட்டு உழுது, புரட்டாசிப் பட்டத்தில் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக விதைக்க வேண்டும். இருபதாம் நாள் ஒரு களை எடுத்துவிட்டால், பிறகு மழை பார்த்துக்கொள்ளும். 90 முதல் 100 நாளில் அறுவடை. மழை சுமாராக இருந்தாலே 150 கிலோ தானியம் கிடைக்கும். உமி போகப் பாதிக்குச் சற்று மேல் அரிசியாகும். அதாவது இரண்டு குடும்பத்துக்கு ஒரு வருடக் கஞ்சி. தட்டை மாட்டுக்கு. பூச்சிமருந்துச் செலவு கிடையாது. சென்ற புரட்டாசியில் சித்தப்பா விதைத்தார். குருவி தின்றது போகக் கிடைத்ததில் எனக்கும் ஒரு பை வந்தது.

2023-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கூட்டங்களில் நானும் பேசினேன். அப்போது ஒரு விவசாயி எழுந்து, "இதுக்கு விலை கிடைக்குமா மேடம்?" என்று கேட்டார். சந்தைக்குப் போகும் பயிருக்கு அது சரியான கேள்வி. நான் இங்கே சொல்லும் கால் ஏக்கர் சந்தைக்கு அல்ல. 1895-ல் பெரியாறு அணை வந்த பிறகு இந்தப் பள்ளத்தாக்கு 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைவிக்கும் பூமியாக மாறியது. நம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வாழையும் காய்கறியும் தினமும் லாரி ஏறுகின்றன. ஊருக்கெல்லாம் சோறு போடும் இந்த மண்ணில், நெல்லைக் களத்திலேயே விற்றுவிட்டு, தீட்டிய அரிசியைக் கடையில் வாங்கி, நெஞ்செரிச்சல் மாத்திரையையும் சேர்த்து வாங்குகிறோம். இந்தச் செலவை யாரும் சாகுபடிக் கணக்கில் எழுதுவதில்லை.

கடைசியாக ஒன்று. கறுப்பு மலம், ரத்த வாந்தி, காரணம் இல்லாமல் உடல் மெலிவது, சோறு விழுங்கும்போது அடைப்பது, நாற்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வயிற்றுத் தொல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் கஞ்சியையும் கீரையையும் தள்ளி வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். நோய் முற்றிய பயிருக்கு நானும் பஞ்சகவ்யா மட்டும் தெளிக்கச் சொல்வதில்லை. எப்போது எதைச் செய்ய வேண்டுமோ அப்போது அதைச் செய்ய வேண்டும்.

புரட்டாசிக்கு நாள் இருக்கிறது. மலையடிவாரத்தில் தரிசு வைத்திருப்பவர்கள் இப்போதே விதைக்குச் சொல்லி வையுங்கள். நிலம் இல்லாதவர்கள் கொல்லையில் நான்கு மணத்தக்காளி நடுங்கள். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு நகர்த்துவதற்கு நிலமும் வேண்டாம், காசும் வேண்டாம்.